முதல் பதிப்பில் மைதா வாசனை

எனக்குப் பயம் வந்தால் முதலில் காது சூடாகும். அடுத்து வாய் தன் பாட்டுக்கு ஜோக் அடிக்க ஆரம்பிக்கும். மூன்றாவதாக வயிறு. பள்ளிக்கூடப் பரீட்சையிலிருந்து பெண் பார்க்கப் போன நாள் வரை இந்த வரிசை மாறியதே இல்லை. (பெண் பார்க்கப் போன இடத்தில் இரண்டாவது கட்டத்திலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் முயற்சி செய்யவில்லை.) மூன்றும் ஒரே நிமிடத்தில் வந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். ஒரு கவிதைப் புத்தகத்தால் வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், தேரடி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், படத்துக்குக் கண்ணாடி போடும் கடையின் மாடியில் ஒரு சங்கத்து நூலகம் இருந்தது. மாவட்டம் தனியாகப் பிரிந்த புதிதில் எல்லாவற்றிலும் ஒரு வேகம் இருந்ததல்லவா, அந்த வேகத்தில் தொடங்கியது. வேகம் ஆபீஸ்களோடு சேர்ந்து ஊருக்கு வெளியே வேங்கிக்காலுக்குக் குடிபோய்விட்டது. நூலகமும் நானும் மாடியிலேயே தங்கிவிட்டோம். 'பொறுப்பாளர்' என்று மேஜையில் ஒரு பலகை உண்டு. பெருக்குவதும் குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பதும் அந்தப் பொறுப்பில் அடக்கம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து மாடியின் தண்ணீர்த் தொட்டி தெரியும். மலை தெரியாத ஜன்னல் இந்த ஊரில் கிடைப்பது கஷ்டம். எனக்குக் கிடைத்தது.

யாரும் வரமாட்டார்கள். பேப்பர் படிக்க இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கண் ஆபரேஷனுக்குப் பிறகு வரவில்லை. மற்றவர் வீட்டில் டிவி வாங்கிவிட்டார். வருகைப் பதிவேட்டில் 'வந்த நோக்கம்' என்று ஒரு கட்டம் இருந்தது. பௌர்ணமி அன்று கிரிவலம் வந்தவர்களில் யாராவது மாடியேறி, "சார், இங்க பாத்ரூம் கீதுங்களா?" என்று கேட்டால், சாவியைக் கொடுக்கும் முன் கையெழுத்து வாங்கிக்கொள்வேன். ஒருவர் அந்தக் கட்டத்தில் நேர்மையாக 'ஒண்ணுக்கு' என்று எழுதியிருந்தார். நூலகம் ஒருவருக்காவது பயன்பட்டது என்று அதை நான் அடிக்காமல் விட்டேன்.

அந்த நூலகத்துக்குத்தான் கவிஞர் வந்து சேர்ந்தார். ஆளாக இல்லை, இரண்டு பீரோவாக.

கொடுத்தவர் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்க்கை முழுக்க ஒரே ஒரு கவிஞரின் புத்தகங்களைச் சேர்த்தவர். எல்லாப் பதிப்புகளும், பாடல்கள் முதலில் வெளிவந்த பத்திரிகைகளும், காலணாவுக்கு விற்ற பாட்டுத் தாள்களும் அவரிடம் இருந்தன. கவிஞரின் நான்கு வரியை யாரோ தன் கல்யாணப் பத்திரிகையில் போட்டிருந்தார்களாம், அந்தப் பத்திரிகையையும் விடவில்லை. மனைவி போன பிறகு மகன் அவரைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டான். மகனின் ஃப்ளாட்டில் அப்பாவுக்கு ஒரு கட்டில் போட இடம் இருந்தது. கவிஞருக்கு இல்லை.

மூன்று நிபந்தனை வைத்தார். புத்தகங்களைப் பிரிக்கக் கூடாது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. மூன்றாவது, "தம்பி, ஒவ்வொண்ணும் இப்ப எப்படி இருக்குதோ அப்படியே இருக்கணும்." முதல் இரண்டும் எனக்குப் புரிந்தன. மூன்றாவதுக்கும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கம்மி வைப்பதில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வந்தார். கிரிவலத்துக்கு விடும் ஸ்பெஷல் பஸ்ஸில், கற்பூரமும் சாமி பாட்டுமாய் வரும் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து வந்து, மலைப் பக்கம் திரும்பாமல் நேராக மாடியேறுவார். பீரோவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொள்வார். நாலு மணி வரை பேசுவோம். கீழே ஊரே வந்து மலையைச் சுற்றும், மேலே அவரும் நானும் ஒரு பீரோவைச் சுற்றிக்கொண்டிருப்போம். மற்ற நாட்களில் நான் பேசும் மிக நீளமான வாக்கியம் கீழே கண்ணாடிக் கடை அக்காவிடம்தான்: "யக்கா, ரெண்டு டீ சொல்லுங்க. ஒண்ணு எனக்கு, இன்னொண்ணும் எனக்கு."

சில மாதம் கழித்துச் சங்கத்துச் செயலாளருக்கு திடீரென்று ஞானம் வந்து, கொடையாக வந்த புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் முத்திரை குத்தச் சொன்னார். நூலக முத்திரையில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பக்கத்தில் குத்துவோம், கடைசிப் பக்கத்தில் குத்துவோம். திருடன் அந்த இரண்டையும் கிழித்துவிட்டாலும் கண்டுபிடிக்க, உள்ளே ஒரு ரகசியப் பக்கத்திலும் குத்துவோம். எங்கள் நூலகத்தின் ரகசியப் பக்கம் முப்பத்து மூன்று. திருட வேண்டுமானால் முதலில் யாராவது உள்ளே வர வேண்டும். அது வேறு விஷயம்.

ஊதா மையும் நீள்வட்ட முத்திரையுமாக உட்கார்ந்தேன். கவிஞரின் முதல் தொகுப்பு, முதல் பதிப்பு, கைக்கு வந்தது. முப்பத்து மூன்றாம் பக்கத்தைத் திறக்கப் பார்த்தால் திறக்கவில்லை. பக்கங்கள் ஓரத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து பை மாதிரி இருந்தன. அந்தக் காலத்தில் பெரிய தாளில் அச்சடித்து, மடித்து, தைத்து, மடிப்பை வெட்டாமலே சில புத்தகங்களை விற்றிருக்கிறார்கள். வாங்கியவர் வீட்டில் கத்தி வைத்து வெட்டிக்கொண்டு படிக்க வேண்டியது. இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. அப்போது என் மூளைக்கு எட்டியது இவ்வளவுதான்: பாவம், அச்சகத்துக்காரன் வெட்ட மறந்துவிட்டான். நாம் வெட்டிக் கொடுப்போம்.

சவரம் பண்ணுகிற பிளேடைப் பாதியாக உடைத்து, முதல் மடிப்பில் விட்டேன். சர்ரென்று போயிற்று. அந்தச் சத்தம் இருக்கிறதே, ஒன்று கேட்டால் இன்னொன்று கேட்கத் தோன்றும். ஒரு முத்திரைக்கு ஒரு மடிப்பு போதும். நான் புத்தகம் முழுவதையும் வெட்டினேன். வெட்டிய கையோடு படிக்கவும் செய்தேன். அச்சாகி இத்தனை காலத்தில் அந்தப் பிரதியின் உள்பக்கங்களில் முதன்முதலாக வெளிச்சம் பட்டது அன்றைக்குத்தான், அதுவும் தண்ணீர்த் தொட்டியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம். முடிக்கும்போது பிளேடு கட்டைவிரலைக் கீறியது. இதே மாதிரி வெட்டாத புத்தகங்கள் இன்னும் நாலு இருந்தன. விரல் எரிந்ததால் அவற்றை முதல் பக்கத்தோடும் கடைசிப் பக்கத்தோடும் விட்டுவிட்டேன். என் சோம்பல் செய்த ஒரே நல்ல காரியம் அது.

அடுத்த பௌர்ணமிக்கு அவர் வந்தார். டீ குடித்துக்கொண்டே, பூட்டிய பீரோவின் கண்ணாடி வழியாக அதே புத்தகத்தைக் காட்டினார்.

"தம்பி, அதைப் பார்த்தீங்களா? வெட்டாத பிரதி. நாப்பது வருஷமா என்கிட்ட இருக்குது. ஒரு மடிப்புகூடப் பிரியல. அந்தக் காலத்துல எப்படிக் கடைக்கு வந்துச்சோ அப்படியே. இந்தப் புத்தகத்துல இன்னொண்ணு இப்படி எங்கயும் கிடையாது."

காது சூடாகிவிட்டது. வாய் சும்மா இருக்குமா?

"அப்படின்னா உள்ள என்னா இருக்குதுன்னு யாருக்கும் தெரியாது. வெறும் தாளா இருந்தாலும் இருக்கலாம், சார்."

அவர் சிரிக்கவில்லை. "அதுதான் சண்டையே" என்றார்.

பிறகு சொன்னார். அவருக்கு ஒரே ஒரு சிநேகிதர் இருந்தார், ஆரணியில். அவரும் இதே கவிஞரைச் சேர்த்தவர். கவிஞரின் பெயர்பெற்ற ஒரு பாட்டு எல்லாப் பதிப்பிலும் ஐந்து கண்ணியோடு முடிகிறது. இவர் ஆறு என்பார். இவருடைய அப்பா கிராமத்தில் தலையாரி. மணியக்காரருக்குப் பின்னால் நடந்துகொண்டே அந்தப் பாட்டை ஆறு கண்ணியோடு பாடியதை, சின்ன வயதில் காதாரக் கேட்டவர் இவர். முதல் பதிப்பில் ஆறு இருந்திருக்கும், பிறகு யாரோ எடுத்துவிட்டார்கள் என்பது இவர் கட்சி. ஆரணிக்காரர் தன்னிடம் இருந்த முதல் பதிப்பில் ஐந்துதான் பார்த்ததாகச் சொன்னார். எடுத்துக் காட்டு என்றால், அந்தப் பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. கரையானைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாயா என்று இவர் கேட்க, உன்னுடையதை வெட்டிப் பார்க்க உனக்குத் தைரியம் இருக்கிறதா என்று அவர் கேட்க, பேச்சு நின்றது. ஒன்பது வருஷம்.

"வெட்டிப் பாத்திருக்கலாமே, சார்" என்றேன்.

"வெட்டினா அப்புறம் அது வெறும் புத்தகம், தம்பி."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுந்தவர் படியில் நின்று சொன்னார். "அடுத்த மாசம் அதை எடுத்துக் கையில குடுக்கிறேன். தொட்டுப் பாருங்க. அது ஒரு தனி அனுபவம்."

தொட்டுப் பார்ப்பதா! நான் அதை அறுத்துப் பார்த்தவன். ரகசியம் இன்னொன்றும் என்னிடம் இருந்தது. அந்தப் பாட்டு நாற்பத்தோராம் பக்கத்தில் முடிகிறது. ஐந்து கண்ணி. கீழே ஒரு சின்ன பூ அச்சு, மீதி வெறும் தாள். ஒன்பது வருஷச் சண்டையின் தீர்ப்பு, தினமும் சப்பாத்தியும் குருமாவும் தின்கிற என் வயிற்றில் கிடந்தது.

வேலை போகும் என்று நான் பயப்படவில்லை. அந்த வேலையை எடுத்துக்கொள்ள இன்னொருவன் கிடைப்பானா என்ன? அவர் பீரோக்களை எடுத்துக்கொண்டு போய்விட்டால் பௌர்ணமிக்கு மாடியேறி வர ஆள் இருக்காது. அதுதான் பயம். இருபத்தொன்பது நாள் பேசாமல் இருப்பது சுலபம், முப்பதாவது நாள் ஒருவர் வருவார் என்றால்.

கீழே இறங்கிக் கண்ணாடிக் கடை அக்காவிடம் போனேன். படத்தின் முதுகில் காக்கித் தாள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா லைப்ரரி, மூஞ்சி வெளுத்துப் போயி கீது? பேய் கீய் பாத்தியா மாடியில?"

"யக்கா, தாள் ஓரத்த ஒட்டணும். ஒட்டினதே தெரியக் கூடாது."

"எந்தத் தாளு?"

"ஒரு... பழைய தாளு."

"கிழிச்சிட்டியா?"

"இல்ல. ரொம்ப ஒழுங்கா வெட்டிட்டேன்."

அக்கா ஒரு டப்பாவில் பசை எடுத்துக் கொடுத்தார். "மைதா காய்ச்சினது. பூச்சி வராது, மயில்துத்தம் கலந்து கீது. கம்மியா தடவு. ஜாஸ்தி தடவினா ஊத்தப்பம் ஆயிடும்."

ஈர்க்குச்சியால் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு மடிப்பாக, மூன்று நாள் ஒட்டினேன். மேலே அக்கா கடையிலிருந்து வாங்கி வந்த நான்கு கண்ணாடித் துண்டுகளைப் பாரம் வைத்தேன். எடுத்துப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. அச்சு அசல் பழையபடி இருந்தது. ஒரு வாரம் கழித்து மறுபடி எடுத்தேன். பசை காய்ந்த இடமெல்லாம் மெல்லிய பச்சை நீலத்தில் ஒரு கோடு. மயில்துத்தம் தன் குணத்தைக் காட்டிவிட்டது. ஓரங்கள் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன. புத்தகத்தை பீரோவில் மற்ற புத்தகங்களுக்கு நடுவே இறுக்கி வைத்துவிட்டு, பௌர்ணமிக்கு மழை பெய்ய வேண்டும் என்று அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டேன். என் வேண்டுதலைக் கேட்கிற தூரத்தில் அன்றைக்கு அவர் இல்லை. நல்ல வெயில்.

பெரியவர் பதினொரு மணிக்கே வந்துவிட்டார். சாவியை வாங்கி பீரோவைத் திறந்தார். புத்தகத்தைக் குழந்தையை எடுப்பது போல இரண்டு கையாலும் எடுத்து ஜன்னல் பக்கம் போனார். ஓரத்தில் விரலை ஓட்டினார். நின்றது. மறுபடி ஓட்டினார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

"தம்பி, இதுல மைதா வாசனை வருது."

"கீழ்ச் சந்துல பரோட்டாக் கடை போட்டிருக்காங்க, சார்."

"பரோட்டாக் கடை புத்தகத்துக்குள்ளயா போட்டிருக்காங்க?"

இந்த நிமிடத்தில்தான் மூன்றும் சேர்ந்து வந்தன. காது, வாய், வயிறு. வாயில் அடுத்த ஜோக் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த நீலக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். முத்திரை, முப்பத்து மூன்று, பிளேடு, அக்கா, பசை. வரிசை தப்பிச் சொன்னதில் முதலில் பசையும் கடைசியில் பிளேடும் வந்தன.

கீழே அரோகரா சத்தம் போய்க்கொண்டிருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

"படிச்சியா?"

"படிச்சேன், சார்."

"எத்தனை?"

பக்கங்கள் ஒட்டியிருந்தன. ஆறு என்று சொல்லியிருக்கலாம். ஒட்டினதை அவர் பிரிக்கப் போவதில்லை, வெட்டாதவர் பிரிப்பாரா? ஆறு என்றால் அவர் முகம் மலரும், என் பிளேடைக்கூட மன்னிப்பார், அடுத்த பௌர்ணமிக்கும் வருவார். இவ்வளவும் ஒரு நொடியில் தோன்றியது. ஆனால் பயம் முற்றிப்போனால் என் வாயால் பொய் சொல்ல முடிவதில்லை. உடம்பில் ஏதோ கோளாறு.

"அஞ்சு, சார்."

"பிளேடு இருக்குதா?"

மிச்சப் பாதியைக் கொடுத்தேன். என் பசையை அவரே வெட்டினார். நாற்பத்தோராம் பக்கத்தில் விரல் வைத்து எண்ணினார். பூ அச்சுக்குக் கீழே இருந்த வெறும் தாளையும் தடவிப் பார்த்தார்.

"அப்ப ஆறாவது?" என்றார். என்னிடம் கேட்டதல்ல அது.

பிறகு அந்த ஆறாவது கண்ணியை மெதுவாகச் சொன்னார். அதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. நாடு, விடுதலை, வானம் என்று போகிற பாட்டில், அந்தக் கண்ணியில் மட்டும் ஏரி மதகும், வீடு திரும்பாத ஒரு கன்றுக்குட்டியும் வந்தன. சந்தம் இரண்டு இடத்தில் இடறியது.

"கன்னுக்குட்டி, சார்" என்றேன், என்னை அறியாமல்.

"எங்க வீட்டுது" என்றார். "காணாமப் போச்சு. அப்பா தேடிக்கிட்டே பாடுவார்." பிளேடை மேஜையில் வைத்துவிட்டு, "எத்தனை தடவை சொல்லிப் பாத்திருப்பேன், அது அப்பாவே கட்டினதுன்னு எனக்குத் தெரியல பாரேன். அவரும் ஒரு கவிஞர்னு நெனச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. என் சரித்திரத்தில் அது ஒரு சாதனை.

"ஒரு கார்டு கிடைக்குமா?"

தபாலாபீசுக்கு ஓடினேன். கூட்டம் முழுவதும் மலையைப் பார்த்து வருகிறது, நான் ஒருத்தன் எதிரே போகிறேன். "வழி தப்புப்பா!" என்று ஒருவர் அக்கறையாகத் திருப்பிவிடப் பார்த்தார். திரும்பி வந்ததும் அவர் இரண்டே வரி எழுதினார். ஒன்பது வருஷம் எழுதாத ஆரணி விலாசத்தைப் பார்க்காமல் எழுதினார். ஒரு துண்டுத் தாளில் ஆறாவது கண்ணியையும் எழுதி என்னிடம் கொடுத்தார். "இதுக்கும் குத்து உன் முத்திரையை." குத்தினேன். பதிவேட்டில் எண் கொடுத்து, 'ஆசிரியர்' கட்டத்தில் 'தலையாரி' என்று எழுதினேன். அதை அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். பீரோவைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நான் தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அடுத்த பௌர்ணமிக்கு அவர் வரவில்லை. பஸ் தாமதம் என்றேன், யாரிடமோ. மூன்று மணிக்கு இரண்டு டீயையும் நானே குடித்தேன். அதற்கு அடுத்த பௌர்ணமியும் போயிற்று. மூன்றாவது மாதம் ஒரு கார்டு வந்தது. ஆரணி முத்திரை. பாதி அவர் கையெழுத்து, பாதி வேறு கையெழுத்து. இப்போது பௌர்ணமிக்கு ஆரணி வந்துவிடுகிறாராம். வேறு கையெழுத்து கேட்டிருந்தது: 'வெட்டாமல் இன்னும் நாலு இருக்கிறதாமே, வெட்டிப் பார்த்து எழுதவும்.' அதற்குக் கீழே அவர்: 'பசை வேண்டாம்.'

ஆக, புத்தகங்கள் என்னிடமே இருந்தன, வருகிறவர்தான் இல்லை. நான் பயந்தது நடந்தது, பயந்த வழியில் நடக்கவில்லை. என் பிளேடுதான் அவரை ஆரணி பஸ்ஸில் ஏற்றியது. கோபப்பட ஆள் வேண்டுமே என்று கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டேன். அக்கா கடையில் கண்ணாடிக்குப் பஞ்சமில்லை.

நாலு புத்தகத்தையும் ஒரு மத்தியானத்தில் வெட்டிவிடலாம். நான் பௌர்ணமிக்கு ஒரு மடிப்பு என்று வைத்துக்கொண்டேன். வெட்டுவேன், படிப்பேன், அதில் இருப்பதை ஆரணிக்கு எழுதுவேன். பதில் வரும், ஒரு கேள்வியோடு. வேலையாக இருக்கிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று ஒவ்வொரு கார்டிலும் புளுகினேன். பயம் இல்லாதபோது எனக்குப் பொய் நன்றாகவே வரும்.

"நாலு பொஸ்தகம் வெட்ட எத்தினி வருசம்பா?" என்று அக்கா ஒருநாள் கேட்டார்.

"கை வலிக்குது யக்கா."

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டீக்கடைப் பக்கம் திரும்பி, "ரெண்டு டீ. ஒண்ணு லைப்ரரிக்கு, ஒண்ணு எனக்கு" என்றார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகிவிட்டது. கார்டுகளில் இப்போது ஒரே கையெழுத்துதான் வருகிறது, ஆரணிக்காரருடையது. மற்றவரைப் பற்றி அவர் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசிப் புத்தகத்தில் இன்னும் ஒரே ஒரு மடிப்பு பாக்கி. 'அதில் என்ன?' என்று கேட்டு வந்த கார்டு என் மேஜையில் கிடக்கிறது. பக்கத்தில் பாதி பிளேடு. நாளைக்குப் பௌர்ணமி. கை வலிக்கிறது என்று எழுதிப் போடலாமா என்று பார்க்கிறேன்.